புது டிரக் டிரைவருக்குக் கம்பெனி பயிற்சியில் என்ன நடக்கும்?

நீங்கள் கேட்டது இது: அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் இருக்கிறீர்கள், வயது 38, இதுவரை கார் மட்டும்தான் ஓட்டியிருக்கிறீர்கள். ஒரு டிரக் கம்பெனி, சிடிஎல் என்ற கனரக வண்டி லைசென்ஸ் வாங்கும் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்கிறது. மூன்று நான்கு வாரம் பள்ளி, பிறகு ஐந்தாறு வாரம் டிரெய்னருடன் ரோட்டில், அதன் பின் தனி வண்டி. அந்தப் பத்து வாரத்தில் என்ன நடக்கும், தாக்குப்பிடிக்க முடியுமா என்பது கேள்வி. அதற்கடியில் இன்னொரு பயமும் தெரிகிறது: நடுவில் அனுப்பிவிட்டால் கடனோடு வீடு திரும்ப வேண்டியிருக்குமா? இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் ஒரு பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் உங்களிடம் சொல்லப்படுவது எல்லாம் மூன்று வகை. சில மத்திய அரசின் சட்டம், நாடு முழுக்க ஒன்றுதான். சில கம்பெனியின் விதி, அடுத்த கம்பெனியில் வேறு மாதிரி இருக்கும். மிச்சம் உங்கள் டிரெய்னரின் சொந்தப் பழக்கம். புதியவர்கள் பலர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, டிரெய்னர் சொன்னதை சட்டம் என்று நம்பி மாட்டிக்கொள்கிறார்கள். ‘இது சட்டமா, கம்பெனி ரூலா, உங்க வழக்கமா?’ என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல டிரெய்னர் யாரும் கோபப்பட மாட்டார்.

சட்டம் சொல்வதில் தொடங்குகிறேன். மாநிலம் தாண்டி ஓட்ட 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல், முதன்முறை ஏ வகுப்பு (டிரெய்லர் இழுக்கும் பெரிய டிரக்குக்கான) சிடிஎல் எடுப்பவர் அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில் படித்துத்தான் ஆக வேண்டும். தியரித் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும். ஆனால் ஸ்டியரிங் பிடித்து இத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று மத்திய விதி எதுவும் சொல்லவில்லை; ஆள் தேறிவிட்டாரா என்பதைப் பயிற்சியாளர்தான் முடிவு செய்கிறார். ஒரு பள்ளி மூன்று வாரத்தில் முடிப்பதும் இன்னொன்று ஆறு வாரம் இழுப்பதும் இதனால்தான். எனவே சேரும் முன் வாரக் கணக்கைக் கேட்காதீர்கள். ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர், ஒரு நாளில் நான் ஸ்டியரிங்கில் இருப்பது எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு ஒரு வண்டி என்றால் எட்டு மணி நேர நாளில் உங்கள் பங்கு இரண்டு மணி நேரம். மீதி நேரம் வேடிக்கை பார்ப்பதுதான்.

எழுத்துத் தேர்வை முடித்து, பெர்மிட் (பழகுவதற்கான லைசென்ஸ்) கைக்கு வந்த பின் 14 நாள் கழியாமல் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியாது. ஆகவே பொது அறிவு, ஏர் பிரேக், காம்பினேஷன் (டிரெய்லர் சேர்ந்த வண்டி) என்ற மூன்று பகுதிகளையும் வீட்டிலிருக்கும்போதே படித்து, பெர்மிட்டுடன் போய்ச் சேருவது புத்திசாலித்தனம். மாநிலத்தின் சிடிஎல் கையேடு இணையத்தில் இலவசம். பெர்மிட்டோடு வருபவர் முதல் வாரமே வண்டியில் ஏறுகிறார், மற்றவர் வகுப்பில் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்.

ஆங்கிலம் பற்றியும் சொல்ல வேண்டும். பொதுமக்களோடு பேச, சாலைப் பலகையைப் படிக்க, அதிகாரி கேட்டால் பதில் சொல்ல, அறிக்கை எழுதத் தேவையான அளவு ஆங்கிலம் வேண்டும் என்பது பழைய விதி. 2025 ஜூன் 25 முதல் இதில் தவறினால் சோதனை நடக்கும் இடத்திலேயே வண்டியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். இலக்கணம் பிசகினால் யாரும் கவலைப்படப் போவதில்லை. ‘எங்கிருந்து வருகிறாய், என்ன சரக்கு, கடைசியாக எப்போது ஓய்வெடுத்தாய்’ என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு வழக்கமான சிடிஎல் கிடைக்கும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கான விதி 2025க்குப் பிறகு மிகவும் இறுகிவிட்டது. அப்படி நண்பர் யாராவது உங்களோடு சேரப் பார்த்தால், அவர் முதலில் தன் மாநில லைசென்ஸ் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

பள்ளிக்கு முன்போ பின்போ ஓரியண்டேஷன் என்று மூன்று முதல் ஐந்து நாள் வரும். வீடியோக்கள், கையெழுத்துகள், சில இடங்களில் சிமுலேட்டர். இவற்றில் பயப்பட எதுவும் இல்லை. ஆட்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவது இங்கே வேறு காரணங்களால். விண்ணப்பத்தில் எழுதாமல் விட்ட பழைய டிராஃபிக் டிக்கெட் (அபராதச் சீட்டு), மறைத்த விபத்து, விளக்கம் இல்லாத வேலை இடைவெளி, டாக்டர் கடிதம் இல்லாத மாத்திரை என்று பட்டியல் நீளும். கம்பெனி உங்கள் ஓட்டுநர் பதிவை எப்படியும் எடுத்துப் பார்க்கும். சின்ன டிக்கெட்டை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

மருந்துச் சோதனையில் சிறுநீர் எடுப்பது கட்டாயம். சில கம்பெனிகள் தலைமுடியையும் எடுக்கும், அது கம்பெனி விதி. உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி கிடைக்கலாம், டிரக் டிரைவருக்கு அது பொருந்தாது. கஞ்சாச் செடியிலிருந்து வரும் சிபிடி எண்ணெய் தடவினேன், சாப்பிட்டேன் என்பதும் சாக்காக ஏற்கப்படாது. சோதனைக்கு 45 மில்லிலிட்டர் வேண்டும். வரவில்லை என்றால் பதறி எழுந்து போய்விடாதீர்கள்; மூன்று மணி நேரம் அவகாசம் உண்டு, அதற்குள் 40 அவுன்ஸ் வரை தண்ணீர் குடிக்கத் தருவார்கள். பாதியில் வெளியேறினால் ‘மறுத்தார்’ என்று பதிவாகும். மறுப்பதும் தோற்பதும் ஒன்றே. கிளியரிங்ஹவுஸ் என்ற மத்திய பதிவேட்டில் ஏறிவிட்டால் எந்தக் கம்பெனியும் தொடாது, மீண்டு வர நீண்ட நடைமுறை இருக்கிறது.

உடல் பரிசோதனையில் நம்மவர்களை உதைப்பது பிரஷரும் சர்க்கரையும். ரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இருந்தால் இரண்டு வருட மெடிக்கல் கார்டு கிடைக்கும். 140 முதல் 159 வரை அல்லது 90 முதல் 99 வரை என்றால் பொதுவாக ஒரு வருடம். 160க்கு மேல் போனால் மூன்று மாத அவகாசம் தந்து குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். 180/110ஐத் தொட்டால் அன்றைக்குக் கார்டு கிடையாது. இரவு முழுக்கப் பேருந்தில் வந்து, காலையில் இரண்டு காபி குடித்துவிட்டுப் போனால் யாருக்கும் ஏறத்தான் செய்யும். ஊரிலேயே ஒருமுறை அளந்து பார்த்து, தேவையானால் மருந்தைச் சீர் செய்துகொண்டு கிளம்புங்கள். இன்சுலின் போடுபவரும் இப்போது ஓட்டலாம். சிகிச்சை தரும் டாக்டரின் படிவமும் மூன்று மாத குளுக்கோஸ் பதிவும் வேண்டும். கழுத்துச் சுற்றளவும் எடையும் அதிகமாக இருந்தால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அது மருத்துவரின் முடிவு, இடத்துக்கு இடம் மாறும்.

பள்ளியில் மூன்று விஷயம்தான் நடக்கிறது: வண்டிச் சோதனை, மைதானத்தில் ரிவர்ஸ், ரோடு. தேர்வும் அதே மூன்று பகுதி. ரோடுதான் பயங்கரம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் வண்டிச் சோதனையில் தோற்பதை அடிக்கடி பார்க்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, பெயர் சொல்லி, எந்தக் கோளாறும் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முன் டயரில் பட்டன் ஆழம் 4/32 அங்குலம், மற்ற டயர்களில் 2/32 என்று எண்ணோடு சொல்ல வேண்டும்.

ஏர் பிரேக் சோதனையில் ஒரு படி தவறினாலும் பெரும்பாலான மாநிலங்களில் அங்கேயே தோல்வி. படிகளை இப்படி மனதில் பதியுங்கள். காற்று முழுதாக ஏறியிருக்க வேண்டும், சுமார் 120, 125 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). சக்கரத்துக்குக் கட்டை வைத்து, என்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கும் மஞ்சள், சிவப்பு இரண்டு குமிழ்களையும் உள்ளே தள்ளிவிட்டு, கால் பிரேக்கை ஒரே சீராக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டிராக்டரும் (என்ஜின் உள்ள முன்வண்டி) டிரெய்லரும் (அது இழுக்கும் சரக்குப் பெட்டி) சேர்ந்த வண்டியில் அந்த நிமிடத்தில் 4 பிஎஸ்ஐக்கு மேல் குறையக்கூடாது. பிறகு பிரேக்கை விட்டு விட்டு மிதித்து காற்றை இறக்குங்கள். 55க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை ஒலியும் விளக்கும் வர வேண்டும். சில கையேடுகளில் 60 என்று இருக்கும், உங்கள் மாநிலக் கையேட்டில் உள்ள எண்ணையே சொல்லுங்கள். இன்னும் மிதித்துக்கொண்டே போனால் 20க்கும் 45க்கும் இடையில் குமிழ்கள் தாமாக வெளியே துள்ளும். நிமிடம் எண்ணும்போது காலைத் தளர்த்திவிடுவது, சாவியை ஆனில் வைக்க மறந்து எச்சரிக்கை ஒலி வராமல் விழிப்பது, இந்த இரண்டும்தான் வழக்கமான தவறுகள்.

எந்த வண்டியில் தேர்வு கொடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். ஆட்டோமேட்டிக் கியரில் கொடுத்தால் மேனுவல் ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு லைசென்ஸில் ஏறும். பெரிய கம்பெனிகளின் வண்டிகள் இப்போது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான், அதனால் உடனே நஷ்டமில்லை. பின்னால் மேனுவல் வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளியிடம் போக நினைத்தால் மறுபடி ஓட்டுநர் தேர்வு கொடுக்க வேண்டும்.

இனி ரிவர்ஸ். புதியவர்களின் விபத்துகளில் பெரும்பங்கு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வருவதில்லை. டிரக் ஸ்டாப்பிலும் கிடங்கு முற்றத்திலும் நடக்கிற வேகத்தில் பின்னால் வரும்போது, பக்கத்து வண்டியின் முகப்பை உரசுவதுதான். கார் பழக்கம் இங்கே கெடுதல் செய்யும், ஏனென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். ஒரு சின்ன உபாயம்: கையை ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் வைத்துக்கொண்டால், கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும். நேராகப் பின்னால் வரும்போது எந்தக் கண்ணாடியில் டிரெய்லர் அதிகமாகத் தெரியத் தொடங்குகிறதோ, அந்தப் பக்கமாக ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி, உடனே நேராக்குங்கள். கொஞ்சம் என்றால் உள்ளங்கை அகலம். டிரெய்லர் உடனே பதில் சொல்லாது, இரண்டு மூன்று அடி நகர்ந்த பிறகுதான் திரும்பும். அந்த இடைவெளியில் பொறுமை இல்லாமல் மேலும் திருப்பிவிடுவதால்தான் பாம்பு மாதிரி நெளிகிறது.

பாதி ரிவர்ஸ் பின்னால் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். எந்த இடத்தில் நிறுத்தி, எந்தக் கோணத்தில் தொடங்குகிறீர்கள் என்பதே மீதியைத் தீர்மானிக்கிறது. டிரைவர் பக்கமாக, அதாவது இடப்பக்கமாக வளைந்து வரும்படி வைத்துக்கொண்டால் ஜன்னல் வழியே டிரெய்லரின் பின்மூலை கண்ணில் படும். வலப்பக்கமாக வளைந்தால் கண்ணாடியில் டிரெய்லரின் சுவர் மட்டும்தான் தெரியும். கூடுமானவரை அதைத் தவிருங்கள். ஒரு சுற்று சுற்றி வந்தாவது இடப்பக்கம் வாருங்கள். சந்தேகம் வந்த நொடியில் பிரேக் போட்டு இறங்கிப் பாருங்கள். கோணம் கெட்டால் முன்னே போய்ச் சரிசெய்யுங்கள். பள்ளித் தேர்வில் முன்னே போவதற்கும் இறங்கிப் பார்ப்பதற்கும் கணக்கு உண்டு, நிஜ வேலையில் இல்லை. பத்துமுறை இறங்கினாலும் யாரும் புள்ளி குறைக்கப் போவதில்லை. பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் இன்சூரன்ஸைக் கட்டப் போவதும் இல்லை.

டிரெய்லர் மாட்டுவது அடுத்த கண்டம். டிராக்டரின் பின்னால் உள்ள ஃபிஃப்த் வீல் தட்டில் டிரெய்லரின் கிங்பின் என்ற இரும்பு முளை வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். நெருங்கியதும் நிறுத்தி, இறங்கி, உயரத்தைப் பாருங்கள்: டிரெய்லரின் அடித்தட்டு ஃபிஃப்த் வீலைவிடச் சற்றே தாழ்வாக இருந்து, டிராக்டர் உள்ளே போகும்போது லேசாகத் தூக்கப்பட வேண்டும். டிரெய்லர் அதிக உயரத்தில் நின்றால் கிங்பின், ஃபிஃப்த் வீலின் பூட்டுத் தாடைக்கு மேலே உட்கார்ந்துகொள்ளும். அப்போதும் ‘டக்’ என்று சத்தம் கேட்கலாம், மாட்டியது போலவே தோன்றும், முதல் திருப்பத்தில் டிரெய்லர் கழன்று தரையில் விழும். ஆகவே சத்தத்தை நம்பாதீர்கள். டிரெய்லர் பிரேக்கைப் பூட்டிவைத்து, குறைந்த கியரில் மெதுவாக முன்னே இழுத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் இறங்கி, டார்ச்சோடு கீழே குனிந்து மூன்றைப் பாருங்கள்: இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது, தாடை கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும், விடுவிக்கும் கைப்பிடி உள்ளே போயிருக்க வேண்டும். இவை மூன்றும் சரியென்ற பிறகே லேண்டிங் கியரை (டிரெய்லரைத் தாங்கும் முன் கால்களை) முழுதாக மேலே சுற்றுங்கள். மழையில் அவசரப்படும்போது இந்தக் குனிவைத்தான் தவிர்ப்பார்கள்.

லைசென்ஸ் வந்தபின் டிரெய்னர் கட்டம். முன்பின் தெரியாத ஒருவரோடு, சின்ன அறை அளவுள்ள கேபினில் ஐந்தாறு வாரம். உங்களுக்குப் பெரும்பாலும் மேல் படுக்கை. கடினமான சூட்கேஸ் வைக்க இடம் இராது, மடங்கும் துணிப்பை எடுத்துப் போங்கள். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், கையுறை, டார்ச், ஒளிரும் மேல்சட்டை, நோட்டுப் புத்தகம், காகித அட்லஸ் போதும். வண்டியில் 12 வோல்ட் சாதனங்களோ இன்வெர்ட்டரோ அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிட்டால் சோறு சமைக்கும் கனவுக்கு ஒரு முடிவு தெரியும்.

இங்கே சட்டமும் கம்பெனி விதியும் பிரியும் இடம் ஒன்று இருக்கிறது. பெர்மிட் மட்டும் இருக்கும்போது சிடிஎல் வைத்திருப்பவர் உங்கள் அருகில் முன் இருக்கையில் இருந்தாக வேண்டும். சிடிஎல் கைக்கு வந்த மறுநாளே அவர் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. சில கம்பெனிகள் முதல் இத்தனை மணி நேரம் டிரெய்னர் விழித்திருந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று வைத்திருக்கின்றன. சில, வண்டியை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் டீமாகவே நடத்துகின்றன. வண்டி ஓடும் எல்லா மைலுக்கும் டிரெய்னருக்குக் காசு என்ற ஏற்பாடு இருந்தால், அவர் உங்களை இரவில் ஓட்டவிட்டுத் தூங்க விரும்புவது இயல்பு. உங்களுக்கு மைல் சேரும், பாடம் சேராது. நேரான நெடுஞ்சாலையில் நூறு மணி நேரம் ஓட்டியும் ரிவர்ஸ் தெரியாமல் தனி வண்டிக்கு வருபவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். ஆகவே சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: டிரெய்னர் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு? வண்டி ஏறியபின், ‘ஒவ்வொரு ரிவர்ஸும் நானே செய்கிறேன், நீங்கள் வெளியே நின்று பாருங்கள்’ என்று முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

டிரெய்னர் கத்துபவராக, அசுத்தமானவராக, லாகில் (ஓட்டிய நேரப் பதிவேட்டில்) பொய் எழுதச் சொல்பவராக இருந்தால் மாற்றிக் கேட்கலாம். பயிற்சிப் பிரிவுக்கு எழுத்தில் செய்தி அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. சோர்வாகவோ உடம்பு சரியில்லாமலோ இருக்கும்போது ஓட்டக்கூடாது என்பதும், விதியை மீறும்படி டிரைவரை மிரட்டக்கூடாது என்பதும் சட்டம். டிரெய்னரின் விருப்பத்துக்கு விட்டவை அல்ல.

நேரக் கணக்கு பலரையும் குழப்புகிறது. பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் வேலை தொடங்கினால் 11 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் தொடங்கிய நிமிடத்திலிருந்து 14 மணி நேரத்துக்குள். காலை 6 மணிக்கு வண்டிச் சோதனை தொடங்கினால் இரவு 8 மணியோடு ஓட்டும் உரிமை முடிகிறது. நடுவில் கிடங்கு வாசலில் நான்கு மணி நேரம் காத்திருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. ஸ்லீப்பர் படுக்கையில் 7 மணி நேரம் ஒன்று, 2 மணி நேரத்துக்குக் குறையாத இன்னொன்று என்று பிரித்து, இரண்டும் சேர்ந்து 10 ஆகும்படி எடுத்தால் மட்டும் கணக்கு மாறும். எட்டு மணி நேர ஓட்டத்துக்குள் அரைமணி இடைவேளை கட்டாயம். டீசல் போடும் நேரமும் அதில் சேரும், ஓட்டாமல் இருந்தால் போதும். எட்டு நாளில் 70 மணி நேரம் என்ற உச்சவரம்பும் உண்டு, தொடர்ந்து 34 மணி நேர ஓய்வு அதைப் பூஜ்யமாக்கும். பயிற்சியில் நேரம் பதியும் மெஷின் கணக்குப் போட்டுத் தரும் என்று விட்டுவிடாமல், தினமும் காலையில் காகிதத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

எடைக் கணக்கும் அப்படியே. மொத்தம் 80,000 பவுண்டு, முன் அச்சில் வழக்கமாக 12,000, டிராக்டரின் பின்பக்க டிரைவ் அச்சுகளில் 34,000, டிரெய்லரின் பின்பக்க இரட்டை அச்சான டேண்டத்தில் 34,000. எடைமேடைச் சீட்டில் 11,800, 35,200, 32,000 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 79,000, பிரச்சினை இல்லை. ஆனால் டிரைவில் 1,200 அதிகம். டேண்டத்தை முன்னே நகர்த்தினால் எடை டிரைவிலிருந்து டேண்டத்துக்குப் போகும். டேண்டம் நகரும் சட்டத்தில் ஒரு துளைக்கு ஏறக்குறைய 400 பவுண்டு என்றால் (துளை இடைவெளி குறைந்தால் 250தான்) மூன்று துளையில் சரியாக 34,000 வரும். ஒன்று கூடுதலாக நகர்த்தி டிரைவிலும் டேண்டத்திலும் 33,600 ஆக்கிவிடுங்கள், டீசல் போட்டாலும் தாங்கும். டிரெய்லர் பிரேக்கை மட்டும் பூட்டி, டேண்டத்தைப் பிடித்திருக்கும் பின்களை (இரும்பு முளைகளை) விடுவித்து, டிராக்டரை மெல்லப் பின்னே தள்ளினால் டேண்டம் முன்னே வரும். முடிந்ததும் நான்கு பின்களும் துளையில் முழுதாக வெளியே தெரிகின்றனவா என்று பார்க்காமல் கிளம்பினால், முதல் கடும் பிரேக்கில் சக்கரத் தொகுதி வழுக்கிக்கொண்டு போகும்.

மலை இறக்கம் கிடைக்கும் வழித்தடத்தில் டிரெய்னரோடு போக வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். இறங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, என்ஜின் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை விட்டு விட்டுப் பயன்படுத்த வேண்டும்: 40 மைல் பாதுகாப்பான வேகம் என்றால், 40ஐத் தொட்டதும் அழுத்தி 35க்குக் கொண்டுவந்து முழுதாக விடுங்கள், மறுபடி 40 ஆகும்வரை தொடாதீர்கள். இறக்கம் முழுவதும் லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிரேக் பிடிக்காது. வடகிழக்கு மாநிலங்களில் வேறு சிக்கல்: டிரெய்லரின் உயரம் 13 அடி 6 அங்குலம், நியூயார்க், கனெக்டிகட் பக்கத்துப் பார்க்வே என்ற கார் சாலைகளில் பாலங்கள் அதைவிடத் தாழ்வு, டிரக்குக்கு அங்கே அனுமதியும் இல்லை. கார் ஜிபிஎஸ் தயங்காமல் உள்ளே அனுப்பிவிடும்.

இப்போது கடன். ஒப்பந்தங்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், அதனால் பொதுவாக ஒரு தொகை சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். வழக்கமான அமைப்பு, ஒன்பது மாதமோ ஒரு வருடமோ வேலை செய்தால் பயிற்சிச் செலவு கழியும் என்பது. கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள்: காலக்கெடு சேர்ந்த நாளிலிருந்தா, தனி வண்டி கிடைத்த நாளிலிருந்தா? ஆறு மாதத்தில் விலகினால் பாதி கழியுமா, முழுதும் கட்ட வேண்டுமா? கம்பெனியே அனுப்பினாலோ மெடிக்கலில் தோற்றாலோ கடன் நிற்குமா? தேர்வில் தோற்றால் எத்தனை முறை மறுபடி? வட்டி உண்டா? ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்ற பதிலைக் கொண்டு காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பயிற்சிக் காலச் சம்பளம் குறைவு, பள்ளி வாரங்களில் பல இடங்களில் சம்பளமே இல்லை. இரண்டு மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தாக்குப்பிடிப்பீர்களா என்ற கேள்விக்கு, 38 வயதும் கார் பழக்கமும் தடையில்லை. வேகமாகக் கற்பவரைவிட, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி வண்டியை நிறுத்துபவரையே டிரெய்னர்கள் பாஸ் செய்கிறார்கள். கடைசியில் கம்பெனி நடத்தும் தேர்வில் ஒரு ரிவர்ஸ், ஒரு ரோடு ஓட்டம், ஒரு பயணத் திட்டம், லாகு பற்றிச் சில கேள்விகள் இருக்கும். தயாரில்லை என்று தோன்றினால் இன்னொரு வாரம் டிரெய்னரோடு கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள், அதனால் உங்கள் பதிவில் கறை விழாது.

தனி வண்டியின் முதல் மாதத்தில் ஓட்டத்தைவிட நிறுத்த இடம் கிடைப்பதே பாடு. மாலை இருட்டும் நேரத்தில் டிரக் ஸ்டாப்புகள் நிரம்பிவிடும், மிச்சமிருப்பவை புதியவரால் நுழைய முடியாத மூலைகள். சரக்கு நேரம் அனுமதித்தால் அதிகாலை மூன்று நான்கு மணிக்கே கடிகாரத்தைத் தொடங்கி, மதியம் மூன்று மணிக்குள் நின்றுவிடுங்கள். அந்த நேரத்தில் நேராக உள்ளே ஓட்டி நிறுத்தும் இடங்களே காலியாக இருக்கும். இடுக்கில் பின்னால் வர வேண்டிய வேலை அன்றைக்கு இல்லை.